கலிபோர்னியாவின் வாக்கெடுப்பு முன்மொழிவுகளும் வாக்காளர் கையேடும்

வாக்கெடுப்பு முன்மொழிவு என்பது ஒரு சட்டத்தையோ அரசியலமைப்புத் திருத்தத்தையோ ஏற்பதா மறுப்பதா என்று வாக்காளர்களே நேரடியாக முடிவு செய்யும் வகையில் வாக்குச்சீட்டில் இடம்பெறும் வினா ஆகும். ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பொதுமக்கள் கையெழுத்துத் திரட்டி இத்தகைய வினாக்களை எழுப்பும் முறை 1911 முதல் நடைமுறையில் உள்ளது. வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும்போது கட்சியின் பெயர் வாக்காளருக்கு ஓரளவு துணை நிற்கும். முன்மொழிவின் அருகில் கட்சியின் பெயர் எதுவும் அச்சிடப்படுவதில்லை. பல பக்கங்களுக்கு நீளும் சட்ட வாசகத்திற்கு "ஆம்" அல்லது "இல்லை" என்ற ஒரே சொல்லில் விடையளிக்க வேண்டும். இதனால் தேர்தலுக்கு முன்னர் முன்மொழிவுகளை வாக்காளர்களுக்கு விளக்குவது இம்மாநிலத் தேர்தல் முறையின் இன்றியமையாத பகுதியாகியுள்ளது. மாநில அரசு வெளியிடும் வாக்காளர் தகவல் கையேடு, நூலகங்களிலும் தன்னார்வ அமைப்புகளிலும் நடைபெறும் விளக்கக் கூட்டங்கள் ஆகியன இதற்கான முதன்மை வழிகளாகும்.

வரலாறு

ஐக்கிய அமெரிக்காவில் மக்கள் தாமே சட்டத்தை முன்மொழியும் உரிமையை முதலில் ஏற்ற மாநிலம் தெற்கு டகோட்டா (1898) ஆகும். ஓரிகன் 1902இல் இம்முறையை ஏற்று, 1904இல் மாநில அளவில் முதன்முறையாகப் பயன்படுத்தியது. கலிபோர்னியாவில் அக்காலத்தில் சதர்ன் பசிபிக் இரயில் நிறுவனத்தின் செல்வாக்கு சட்டமன்றம் வரை பரவியிருந்தது. அச்செல்வாக்கை ஒழிப்பதாக வாக்களித்து 1910 தேர்தலில் வென்ற ஆளுநர் ஹைரம் ஜான்சன், சட்டமியற்றும் அதிகாரத்தின் ஒரு பகுதியை மக்களிடமே அளிக்கும் திருத்தங்களை ஆதரித்தார். 1911 அக்டோபர் 10 அன்று நடந்த சிறப்புத் தேர்தலில் அவை ஏற்கப்பட்டன. பெண்களுக்கு வாக்குரிமை வழங்கும் திருத்தமும் அதே நாளில் நிறைவேறியது.

முன்மொழிவுகளின் வகைகள்

கலிபோர்னியாவில் ஒரு முன்மொழிவு மூன்று வழிகளில் வாக்குச்சீட்டை அடையலாம்.

மக்கள் முன்முயற்சி: குடிமக்கள் தாமே ஒரு சட்டத்தை அல்லது அரசியலமைப்புத் திருத்தத்தை எழுதி, கையெழுத்துத் திரட்டி, வாக்கெடுப்பிற்கு முன்வைப்பது. சட்டத்திற்குக் கடைசி ஆளுநர் தேர்தலில் பதிவான வாக்குகளில் 5 விழுக்காடும், அரசியலமைப்புத் திருத்தத்திற்கு 8 விழுக்காடும் கையெழுத்துகளாகத் தேவை. 2022 ஆளுநர் தேர்தலின் அடிப்படையில் இவ்வெண்ணிக்கை முறையே 5,46,651 மற்றும் 8,74,641 ஆகும். கையெழுத்துத் திரட்ட 180 நாட்கள் வழங்கப்படுகின்றன.

சட்ட மறுப்பு வாக்கெடுப்பு: சட்டமன்றம் இயற்றி ஆளுநர் ஒப்பமிட்ட சட்டத்தை எதிர்ப்போர் 90 நாட்களுக்குள் 5 விழுக்காடு கையெழுத்துகளைத் திரட்டினால், அச்சட்டம் நிறுத்தி வைக்கப்பட்டு வாக்காளர்களின் முடிவுக்கு விடப்படும்.

சட்டமன்றப் பரிந்துரை: அரசியலமைப்புத் திருத்தங்களையும் பெரும் கடன் பத்திரத் திட்டங்களையும் சட்டமன்றத்தின் இரு அவைகளும் மூன்றில் இரு பங்கு ஆதரவுடன் மக்கள் முன் வைக்கலாம்.

பெரும்பாலான முன்மொழிவுகள் நிறைவேறப் பாதிக்கு மேற்பட்ட வாக்குகள் போதுமானவை. ஒரே தேர்தலில் நிறைவேறிய இரு முன்மொழிவுகள் ஒன்றோடொன்று முரண்பட்டால், கூடுதல் "ஆம்" வாக்குகளைப் பெற்றதே செல்லும்.

மக்கள் முன்முயற்சியால் உருவான சட்டத்தை, அச்சட்டமே அனுமதித்தாலன்றி, சட்டமன்றம் தானாகத் திருத்த இயலாது. அதை மீண்டும் மக்கள் வாக்கெடுப்பிற்கே கொண்டுசெல்ல வேண்டும். வாக்காளர்கள் தவறாகப் புரிந்துகொண்டு அளித்த வாக்கின் விளைவு பல ஆண்டுகள் நீடிக்கக்கூடும் என்பதற்கு இதுவே காரணம். 1978இல் நிறைவேறிய முன்மொழிவு 13 சொத்து வரியைச் சொத்தின் மதிப்பில் 1 விழுக்காட்டிற்கும், வரிக்கான மதிப்பின் ஆண்டு உயர்வை 2 விழுக்காட்டிற்கும் மட்டுப்படுத்தியது. பள்ளிகள், நகராட்சிகள் ஆகியவற்றின் வருவாயை அது இன்றும் தீர்மானிக்கின்றது.

வாக்காளர் தகவல் கையேடு

மாநிலத் தேர்தல்களின் தலைமை அலுவலரான மாநிலச் செயலாளர், ஒவ்வொரு மாநிலத் தேர்தலுக்கும் ஒரு கையேட்டை அச்சிட்டு, பதிவு பெற்ற வாக்காளர்கள் வாழும் வீடுகளுக்கு அஞ்சலில் அனுப்புகின்றார். தேர்தலுக்கு 40 நாட்களுக்கு முன்னர் தொடங்கி, 21 நாட்களுக்கு முன்னர் இப்பணி முடிக்கப்பட வேண்டும். ஆங்கிலம், எசுப்பானியம், சீனம், இந்தி, சப்பானியம், கெமர், கொரியம், தகலாகு, தாய், வியட்நாமியம் ஆகிய பத்து மொழிகளில் கையேடு கிடைக்கின்றது. பெரிய எழுத்துப் பதிப்பும் ஒலிப்பதிப்பும் உண்டு.

ஒவ்வொரு முன்மொழிவுக்கும் கையேட்டில் பின்வரும் பகுதிகள் இடம்பெறுகின்றன.

தலைப்பும் சுருக்கமும்: இதனை மாநிலத்தின் தலைமை அரசு வழக்கறிஞர் எழுதுகின்றார். சுருக்கம் 100 சொற்களுக்கு மேற்படக் கூடாது. வாக்குச்சீட்டில் அச்சாகும் குறு விளக்கத்திற்கு 75 சொற்களே அனுமதி. 2022இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, ஆதரிப்போர் மற்றும் எதிர்ப்போரின் பெயர்களும் குறு விளக்கத்தைத் தொடர்ந்து இடம்பெறலாம்.

நடுநிலைப் பகுப்பாய்வு: 1941இல் நிறுவப்பட்ட சட்டமன்றப் பகுப்பாய்வாளர் அலுவலகம் இதனை எழுதுகின்றது. இவ்வலுவலகம் எக்கட்சியையும் சாராதது. தற்போதைய சட்டம் என்ன, முன்மொழிவு எதை மாற்றும், அரசின் வரவு செலவு எவ்வளவு கூடும் அல்லது குறையும் என்ற வரிசையில் பகுப்பாய்வு அமைகின்றது.

வாக்கின் பொருள்: "ஆம்" என்று வாக்களித்தால் என்ன நிகழும், "இல்லை" என்று வாக்களித்தால் என்ன நிகழும் என்பதை ஓரிரு வாக்கியங்களில் கூறும் பகுதி.

வாதங்கள்: ஆதரவு வாதமும் எதிர்ப்பு வாதமும் தலா 500 சொற்களுக்குள்ளும், மறுப்புரைகள் தலா 250 சொற்களுக்குள்ளும் அமைய வேண்டும். இவை எழுதியோரின் கருத்துகளே என்றும், இவற்றின் உண்மைத்தன்மையை எந்த அரசு அமைப்பும் சரிபார்க்கவில்லை என்றும் ஒவ்வொரு வாதப் பக்கத்திலும் அறிவிப்பு இடம்பெறும். பகுப்பாய்வும் வாதங்களும் ஒரே நூலில் அடுத்தடுத்து வருவதால், இவ்வறிவிப்பைக் கவனியாதோர் இரண்டிற்கும் ஒரே மதிப்பளிக்க வாய்ப்புண்டு.

சட்டத்தின் முழு வாசகம்: கையேட்டின் இறுதியில் அச்சிடப்படுகின்றது. நீக்கப்படும் சொற்கள் அடித்துக் காட்டப்படும். சேர்க்கப்படும் சொற்கள் சாய்வெழுத்தில் அல்லது அடிக்கோட்டுடன் காட்டப்படும்.

அச்சுக்குச் செல்லும் முன்னர் கையேட்டின் வரைவு 20 நாட்கள் பொதுப் பார்வைக்கு வைக்கப்படுகின்றது. ஏதேனும் பகுதி பொய்யானது அல்லது தவறான எண்ணத்தைத் தரக்கூடியது என்று கருதும் எந்த வாக்காளரும் சாக்ரமெண்டோ நீதிமன்றத்தில் முறையிடலாம்.

கையேட்டின் அளவும் ஒரு சிக்கலாக இருந்துள்ளது. 17 முன்மொழிவுகள் இடம்பெற்ற 2016 நவம்பர் தேர்தலுக்கான கையேடு 224 பக்கங்களைக் கொண்டிருந்தது.

தலைப்பின் சொற்கள் பற்றிய சர்ச்சைகள்

முழு வாசகத்தைப் படிக்காதோர் வாக்குச்சீட்டிலுள்ள குறு விளக்கத்தை மட்டுமே காண்கின்றனர். ஆகவே அதன் சொற்கள் பெரும் போட்டிக்கு உரியவையாகின்றன. தலைப்பை எழுதும் தலைமை அரசு வழக்கறிஞர் ஒரு கட்சியின் சார்பில் தேர்தலில் வென்றவர் என்பதால், அவரது நடுநிலைமை அடிக்கடி கேள்விக்குள்ளாகின்றது.

2008இல் ஒருபால் திருமணத்தைத் தடை செய்ய முன்வைக்கப்பட்ட முன்மொழிவு 8, கையெழுத்துத் திரட்டும் கட்டத்தில் திருமணத்திற்கான வரையறை என்ற பொருளில் தலைப்பிடப்பட்டிருந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் மாநில உச்ச நீதிமன்றம் அத்திருமணங்களை ஏற்றது. அதன் பின்னர் தலைமை அரசு வழக்கறிஞர் ஜெரி பிரவுன், ஒருபால் இணையர் திருமணம் செய்யும் உரிமையை நீக்குவது என்ற பொருளில் தலைப்பை மாற்றினார். முன்மொழிந்தோர் வழக்குத் தொடுத்தனர்; நீதிமன்றம் புதிய தலைப்பை ஏற்றது. முன்மொழிவு ஏறத்தாழ 52 விழுக்காடு வாக்குகளுடன் நிறைவேறியது. அரசியலமைப்பில் அது சேர்த்த வாசகம் 2024 நவம்பரில் முன்மொழிவு 3 வழியாக நீக்கப்பட்டது.

2018இல் எரிபொருள் வரி உயர்வை நீக்கக் கோரிய முன்மொழிவு 6க்கு, சாலைப் பழுதுபார்ப்பிற்கும் போக்குவரத்திற்குமான குறிப்பிட்ட நிதியை நீக்குவது என்று தொடங்கும் தலைப்பு வழங்கப்பட்டது. வரி நீக்கம் என்பது முதலில் கூறப்படவில்லை என்று ஆதரவாளர்கள் குறை கூறினர். அம்முன்மொழிவு தோல்வியுற்றது. வரியும் அவ்வரியால் கிடைக்கும் நிதியும் ஒரே பொருளின் இரு பக்கங்களாயினும், எதை முதலில் சொல்வது என்பதில் நடுநிலை காண்பது எளிதன்று என்பதை இது காட்டுகின்றது.

"ஆம்", "இல்லை" குழப்பம்

வாக்காளர்கள் இடறும் முதன்மையான இடம் இதுவே. சட்ட மறுப்பு வாக்கெடுப்பில், சட்டத்தை எதிர்ப்போரே கையெழுத்துத் திரட்டுகின்றனர். ஆயினும் வாக்குச்சீட்டின் வினா அச்சட்டம் நிலைக்க வேண்டுமா என்பதாகும். எனவே "ஆம்" என்பது சட்டத்தை நிலைநிறுத்தும். "இல்லை" என்பது நீக்கும். கையெழுத்துத் திரட்டியோர், பரப்புரையில் "இல்லை" என்று வாக்களிக்குமாறு கேட்க வேண்டியுள்ளது.

2016இல் நெகிழிப் பைத் தடை பற்றிய முன்மொழிவு 67 இவ்வகையைச் சேர்ந்தது. 2014இல் இயற்றப்பட்ட தடைச் சட்டத்தை எதிர்த்துப் பை உற்பத்தியாளர்கள் கையெழுத்துத் திரட்டினர். தடையை விரும்பியோர் "ஆம்" என்றும், விரும்பாதோர் "இல்லை" என்றும் வாக்களிக்க வேண்டியிருந்தது. அதே வாக்குச்சீட்டில், கடைகள் பைகளுக்கு வசூலிக்கும் தொகையைச் சுற்றுச்சூழல் நிதிக்கு மாற்றும் முன்மொழிவு 65உம் இருந்தது. அதனை முன்வைத்தவர்களும் பை உற்பத்தியாளர்களே. சுற்றுச்சூழலுக்கு ஆதரவாகத் தோன்றிய முன்மொழிவைச் சுற்றுச்சூழல் அமைப்புகள் பலவும் ஆதரிக்காத நிலை வாக்காளர்களுக்கு வியப்பளித்தது. முடிவில் 67 நிறைவேறியது, 65 தோல்வியுற்றது.

2020இல் பிணைத்தொகை முறையை ஒழிக்கும் சட்டத்தைப் பற்றிய முன்மொழிவு 25உம் இவ்வாறே அமைந்தது. "இல்லை" வாக்குகள் வென்றதால் சட்டம் நீங்கி, பிணைத்தொகை முறை தொடர்ந்தது.

பழக்கமற்ற சொற்களும் குழப்பம் தரலாம். 2024இல் சிறைவாசிகளிடம் கட்டாய வேலை வாங்குவதைத் தடுக்கும் முன்மொழிவு 6, "விருப்பமற்ற ஊழியம்" என்ற பொருள் கொண்ட சட்டச் சொல்லால் குறிக்கப்பட்டது. கையேட்டில் எதிர்ப்பு வாதம் எதுவும் அளிக்கப்படாத நிலையிலும் அது தோல்வியுற்றது. அதே நாளில் நெவாடா மாநிலத்தில் "அடிமைத்தனம்" என்ற சொல்லையும் கொண்டிருந்த இதையொத்த முன்மொழிவு நிறைவேறியது. இரு மாநிலங்களின் வாக்காளர்களும் சூழலும் வேறானவை என்பதால் சொல் ஒன்றே காரணம் எனக் கொள்ள இயலாது. ஆயினும் சட்டச் சொல்லை வழக்குச் சொல்லால் விளக்க வேண்டியதன் தேவையை இது நினைவூட்டுகின்றது.

முன்மொழிவு எண்கள்

முன்மொழிவு எண்கள் நிலையானவை அல்ல. வழமையாகப் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை எண்ணிக்கை மீண்டும் 1இலிருந்து தொடங்கும். 2018 நவம்பரில் அவ்வாறு தொடங்கியது. சில வேளைகளில் சட்டமன்றம் தனி எண்ணை வழங்குவதும் உண்டு. இதனால் ஒரே எண் வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு பொருளைக் குறிக்கும். 2020 மார்ச்சில் பள்ளிக் கட்டடங்களுக்கான 1,500 கோடி டாலர் கடன் பத்திரத் திட்டம் முன்மொழிவு 13 என்ற எண்ணுடன் வந்து தோல்வியுற்றது. 1978ஆம் ஆண்டின் புகழ்பெற்ற சொத்து வரி முன்மொழிவோடு வாக்காளர்கள் இதனைக் குழப்பிக்கொண்டிருக்கலாம் என்ற கருத்து அப்போது எழுந்தது. எண்ணுடன் ஆண்டையும் சேர்த்துக் குறிப்பிடுவது இக்குழப்பத்தைத் தவிர்க்கும்.

முழு அறிவும் குறுக்குவழிகளும்

எல்லா வாக்காளர்களும் எல்லா முன்மொழிவுகளையும் முழுமையாகப் படிப்பது இயலாது என்பது ஆய்வாளர்கள் ஏற்கும் ஒன்று. 1988 நவம்பரில் கலிபோர்னிய வாக்குச்சீட்டில் 29 முன்மொழிவுகள் இருந்தன. அவற்றுள் ஐந்து காப்பீட்டுத் துறை பற்றியவை, ஒன்றுக்கொன்று மாறுபட்டவை. அரசியல் அறிவியலாளர் ஆர்தர் லூப்பியா, லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் வாக்களித்து வெளியே வந்தவர்களிடம் வினாக்களைக் கேட்டு, 1994இல் தமது ஆய்வை வெளியிட்டார். முன்மொழிவுகளின் உள்ளடக்கத்தைப் பெரிதும் அறியாதவர்களும், காப்பீட்டு நிறுவனங்கள் எதை ஆதரிக்கின்றன என்பதை மட்டும் அறிந்திருந்தால், உள்ளடக்கத்தை நன்கு அறிந்தவர்களைப் போலவே வாக்களித்தனர் என்று அவர் கண்டார். ஐந்தில் நுகர்வோர் ஆர்வலர் ரால்ஃப் நாடர் ஆதரித்த முன்மொழிவு 103 மட்டுமே நிறைவேறியது.

இதனால் ஒரு முன்மொழிவுக்கு யார் பணம் செலவிடுகின்றனர் என்ற தகவல் வாக்காளருக்குப் பெரிதும் பயன்படுவதாகின்றது. முன்மொழிவுகளுக்குப் பெருந்தொகை அளித்தோரின் பட்டியலை அரசு வெளியிடுகின்றது. 2020இல் செயலி வழி வாடகைக் கார் ஓட்டுநர்களின் பணிநிலை பற்றிய முன்மொழிவு 22க்கு ஆதரவாக, அச்செயலிகளை நடத்தும் நிறுவனங்கள் 20 கோடி டாலருக்கு மேல் செலவிட்டன. எனினும் குறுக்குவழிக்கு எல்லை உண்டு. பணம் அளித்தவர் யார் என்பது ஒரு சட்டம் யாருக்கு நன்மை தரக்கூடும் என்பதை உணர்த்துமே தவிர, அதன் முழு விளைவையும் கூறாது.

உள்ளூர் அளவிலான விளக்கப் பணி

கையேட்டைத் தவிர, பொது நூலகங்கள், கல்லூரிகள், குடியிருப்போர் சங்கங்கள் ஆகியவற்றில் தேர்தலுக்கு முன்னர் விளக்கக் கூட்டங்கள் நடைபெறுகின்றன. 1920இல் தொடங்கப்பட்ட பெண் வாக்காளர் கழகம் இப்பணியில் நெடுங்காலமாக ஈடுபட்டு வருகின்றது. இக்கழகத்தின் கலிபோர்னியக் கிளை ஒவ்வொரு முன்மொழிவுக்கும் சார்பு, எதிர்ப்பு வாதங்களை எளிய நடையில் தொகுத்து வெளியிடுகின்றது. மாநில முன்மொழிவுகள் எண்களாலும், நகர, கவுண்டி அளவிலான வினாக்கள் பெரும்பாலும் எழுத்துகளாலும் குறிக்கப்படுகின்றன. பின்னவற்றிற்கான விளக்கத்தைக் கவுண்டித் தேர்தல் அலுவலகம் தனிக் கையேடாக அனுப்புகின்றது.

விளக்குவதற்கும் பரப்புரை செய்வதற்கும் இடையே சட்டம் ஓர் எல்லையை வகுத்துள்ளது. 1976இல் ஸ்டான்சன் எதிர் மாட் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம், அரசு அமைப்புகள் பொதுப் பணத்தைக் கொண்டு முன்மொழிவுக்கு ஆதரவாகவோ எதிராகவோ பரப்புரை செய்யலாகாது என்றும், நடுநிலையான தகவலை வழங்கலாம் என்றும் தீர்ப்பளித்தது. ஆகவே நூலகம் கூட்டம் நடத்தலாம்; எவ்வாறு வாக்களிப்பது என்று கூறலாகாது.

நடுநிலை விளக்கக் கூட்டங்களில் ஒரு முன்மொழிவைப் பின்வரும் வினாக்களின் வழியே அணுகுவது பயனளிக்கும்.

1. இன்று சட்டம் என்ன கூறுகின்றது?
2. முன்மொழிவு அதில் எதை மாற்றுகின்றது?
3. "ஆம்" வென்றால் என்ன நிகழும்? "இல்லை" வென்றால் இன்றைய நிலை தொடருமா, அல்லது அண்மையில் இயற்றப்பட்ட சட்டம் நீங்குமா?
4. செலவு எவ்வளவு? அதனை யார் ஏற்பர்?
5. முன்வைத்தவர் யார்? பணம் அளித்தவர் யார்?
6. பின்னாளில் பிழை கண்டால் திருத்த வழியுண்டா?

வாக்களிப்பு நடைமுறை

2021இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, கலிபோர்னியாவில் நடப்பில் உள்ள ஒவ்வொரு பதிவு பெற்ற வாக்காளருக்கும் வாக்குச்சீட்டு அஞ்சலில் அனுப்பப்படுகின்றது. இதனால் கையேட்டை அருகில் வைத்துக்கொண்டு வீட்டிலேயே நிதானமாக வாக்களிக்க இயலுகின்றது. வாக்குச்சாவடிக்குச் செல்வோர் தாம் குறித்து வைத்த மாதிரி வாக்குச்சீட்டை எடுத்துச் செல்லலாம். உதவி தேவைப்படுவோர் இருவர் வரை உடன் அழைத்துச் செல்லலாம். ஆயினும் அவர்கள் வாக்காளரின் முதலாளியாகவோ தொழிற்சங்கப் பிரதிநிதியாகவோ இருத்தல் கூடாது. எல்லா வினாக்களுக்கும் விடையளிக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஒரு முன்மொழிவைக் குறிக்காமல் விட்டாலும் ஏனைய வாக்குகள் செல்லும்.

ஓரிகனின் குடிமக்கள் மீளாய்வு

அரசு அலுவலர்களும் போட்டித் தரப்பினரும் எழுதும் விளக்கத்திற்கு மாற்றாக, ஓரிகன் மாநிலம் வேறொரு வழியைச் சோதித்தது. குடிமக்கள் முன்முயற்சி மீளாய்வு எனப்பட்ட இம்முறையில், ஏறத்தாழ 20 முதல் 24 வாக்காளர்கள் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்கள் சில நாட்கள் கூடி, இரு தரப்பினரையும் வல்லுநர்களையும் விசாரித்து, முன்மொழிவு பற்றிய முதன்மைச் செய்திகளையும் இரு தரப்பின் வலுவான வாதங்களையும் ஒரு பக்க அறிக்கையாக எழுதினர். அவ்வறிக்கை மாநில வாக்காளர் கையேட்டில் அச்சிடப்பட்டது. 2010இல் சோதனை முறையில் நடைபெற்ற இதற்கு 2011இல் நிலையான ஆணையம் அமைக்கப்பட்டது. 2016க்குப் பின்னர் மாநில அளவிலான அதிகாரமுறை மீளாய்வு நடைபெறவில்லை.

திறனாய்வு

கையேடு நடுநிலையானதாயினும் அதன் மொழி கடினமானது என்பதும், அதன் நீளம் வாக்காளர்களைச் சலிப்படையச் செய்கின்றது என்பதும் பொதுவான குறைகளாகும். தலைப்பு எழுதும் பொறுப்பைக் கட்சி சார்ந்த அலுவலரிடமிருந்து சட்டமன்றப் பகுப்பாய்வாளர் அலுவலகம் போன்ற நடுநிலை அமைப்பிற்கு மாற்ற வேண்டும் என்ற கோரிக்கை பலமுறை எழுந்தும் நிறைவேறவில்லை. 2014இல் இயற்றப்பட்ட சட்டம் ஒரு சீர்திருத்தத்தைக் கொண்டுவந்தது. அதன்படி புதிய முன்மொழிவு வரைவின் மீது கையெழுத்துத் திரட்டத் தொடங்குமுன் 30 நாட்கள் பொதுமக்கள் கருத்துக் கூறலாம். வாக்குச்சீட்டில் இடம்பெறுவது உறுதியாகும் வரை முன்மொழிந்தோர் அதனைத் திரும்பப் பெறவும் செய்யலாம். இவ்வாறு பிழைகள் சில முன்கூட்டியே நீங்க வாய்ப்பு ஏற்பட்டது. ஆயினும் இறுதி வாசகத்தைப் புரிந்துகொண்டு "ஆம்" அல்லது "இல்லை" என்று முடிவு செய்யும் பொறுப்பு வாக்காளரையே சார்ந்துள்ளது.